கழுத்து வரைக்கும் டீசல்

முதல் தடவை வண்டி நின்றது எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில், காலை ஏழே கால் மணிக்கு. எந்த விளக்கும் எரிந்து எச்சரிக்கவில்லை. இஞ்சின் இரண்டு தடவை மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை மிதித்த கால் மிதித்தபடியே இருக்க, சத்தம் அடங்கிப்போனது. ஸ்டியரிங் இறுகிக்கொண்டது. கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு கன்டெய்னர் டிரெய்லர். அதன் முகப்புக் கம்பிகளைத் தவிர வேறெதுவும் கண்ணாடியில் தெரியவில்லை. ஏர் பிரேக் சீறி அடங்கிய பிறகுதான் நான் உயிரோடு இருக்கிறேன் என்பது உறைத்தது.

டிரெய்லர் ஓட்டுநர் கதவைத் திறந்து தொங்கியபடி கத்தினார். "இன்னாம்மா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் தினம் நாலு பேரையாவது பார்த்துக் கேட்கிற கேள்விதான் அது. நான் வீட்டில் சொல்லிக்கொண்டு வரவில்லை. சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. என் கணவர் அன்றைக்கு விடியும் முன்பே காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போயிருந்தார்.

அவர் விசைப்படகில் டிரைவர். படகைச் செலுத்துகிறவர் ஸ்ராங்கு. கீழே வெக்கை அறையில் இஞ்சினைக் கட்டி மேய்க்கிறவர்தான் டிரைவர். போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். நான் வேதியியல் படித்தவள். மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. காலை எட்டு மணிக்கு முதல் மாதிரியை எடுத்தாக வேண்டும். எங்களை ஏற்றிப்போன கம்பெனி வேன் திடீரென்று நிறுத்தப்பட்டது. மூன்று மாதம் பஸ்ஸிலும் ரயிலிலும் ஷேர் ஆட்டோவிலும் அல்லாடிவிட்டு, யாரோ ஓட்டிச் சலித்த ஒரு டீசல் காரை வாங்கினோம். ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "எம் பொஞ்சாதி காரு ஓட்டுது, தெரியுமா?" என்று துறைமுகம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தார். ஆனால் நான் முதன்முதலாகத் தனியாகக் கிளம்பிய காலையில், எங்கள் மூன்றாவது மாடி பால்கனியில் நின்ற அவருடைய முகம் வேறு மாதிரி இருந்தது. அவருடைய தம்பி, எங்கள் கல்யாணத்துக்கு முந்தின வருடம், பைக்கில் போய் இதே எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லருக்கு அடியில் போனவர். அந்தச் சாலையைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் தினமும் அதில்தான் போய்வந்தேன்.

அந்தச் சாலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு கையில் கடல். பாறைகள் மேல் அலை அடித்து, காற்றடிக்கும் நாளில் தண்ணீர் கண்ணாடி வரை தெறிக்கும். இன்னொரு கையில் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசை, முடிவே தெரியாமல். நடுவில் மிச்சமிருக்கும் தார்தான் நமக்கு. தூரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் புகைபோக்கிகள். ஒரு டிரெய்லர் நம்மைத் தாண்டும்போது காருக்குள் வெளிச்சம் குறையும். அதற்குப் பழகிவிடலாம். அந்த இடத்தில் வண்டி நின்றுபோவதற்கு யாரும் பழக முடியாது.

அன்றைக்குப் பாலத்தில் இருபது நிமிடம் நின்றேன். அபாய விளக்கு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே ரயில் போனது. பிறகு சும்மா ஒரு முறை சாவியைத் திருகினேன். எதுவுமே நடக்காததுபோல இஞ்சின் பிடித்துக்கொண்டது.

அவர் கரைக்கு வந்த அன்று சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். பிசைந்துகொண்டிருந்த அவர் கை நின்றது.

"எங்கமே நின்னுச்சு?"

"எர்ணாவூரு பாலத்து மேலய்யா. பின்னாடி டிரெய்லரு. ஒரு முழம் கேப்பு."

"பாலத்து மேலயா?" என்று இன்னொரு தடவை கேட்டார். தட்டில் பாதி சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவப் போனார். தம்பியின் ஞாபகம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன், சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் அவரே வண்டியைத் தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. ஐம்பது வயதிருக்கும். இஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கம்ப்யூட்டரை மாட்டுவார். டீசல் அழுத்தம் குறைந்ததாக ஒரு பழைய குறிப்பு மட்டும் அதில் இருந்ததாம். பில்டரை மாற்றினார், குழாய்க் கிளிப்புகளை இறுக்கினார், வியாசர்பாடி வரை ஓட்டிப் பார்த்தார். வண்டி சமர்த்தாக ஓடியது.

என் கணவர் அடுத்த முறை கடலுக்குப் போவதற்கு முந்தின மாலை காரை பெட்ரோல் பங்குக்குக் கொண்டுபோய் நிரப்பிக்கொண்டு வந்தார். "கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன்மே. ஒரு வாரத்துக்கு நீ பங்குல போயி நிக்க வேணாம்" என்றார். பிறகு கீழே போய் வண்டியைச் சுற்றிவந்து, டயரையெல்லாம் தட்டிப் பார்த்தார். பின்சக்கரத்தின் பக்கத்தில் ரொம்ப நேரம் குந்தி உட்கார்ந்திருந்துவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு எழுந்தார். பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மறுநாள் காலை, அதே பாலத்துக்குப் பத்து இருபது அடி முன்னே, வண்டி நின்றது.

இப்படியே ஐந்து மாதம். சில நாள் பாலத்தில், சில நாள் மணலி புதுநகர் தாண்டி, சில நாள் நிற்காமலே மீஞ்சூர் வரை. ஒழுங்காக ஒரே இடத்தில் நின்றிருந்தாலும் சகித்திருப்பேன். நிற்குமா நிற்காதா என்று தெரியாமல் ஓட்டுவது தனி நரகம். ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்க்கும். பாட்டு கேட்பதை விட்டேன், இஞ்சின் மூச்சு வாங்கும் சத்தத்தைத் தவறவிடக் கூடாதென்று. இடது ஓரத்தை ஒட்டியே ஓட்டினேன், எங்கே நின்றாலும் ஒதுங்க இடம் இருக்கட்டும் என்று. ஹாரன் அடிக்கிறவனெல்லாம் என்னைத்தான் அடிக்கிறான் என்று தோன்றியது.

அவர் கரையில் இருக்கும் நாட்களில் அவரே வண்டியை பாயிடம் கொண்டுபோவார். "நீ கஸ்டப்படாத, நான் பாத்துக்கறேன்" என்பார். பாய் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே வந்தார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். பாய் என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

"தா பாரும்மா, நோவு இருக்கசொல்ல டாக்டராண்ட வரணும். நோவு போனப்பறம் வந்து, முந்தாநேத்து வலிச்சுதுன்னா நான் இன்னா பண்றது? எங்கிட்ட வரசொல்ல உன் வண்டி ராஜா கணக்கா கீது."

என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடி நின்றார். பாய் போனட்டுக்குள் குனிந்து பம்ப்பைக் கழற்றினார்.

துறைமுகத்தில் அவருடைய சிநேகிதர்கள் ஆளுக்கொரு நோயைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் எல்லாரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். "வண்டி மேல ஒரு கொறையும் இல்ல. அதுக்கு அவன் கைதான் ராசி. பொம்பள ஓட்டுனா அடம் புடிக்குது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் ஓட்டும்போது ஒரு நாளும் நின்றதில்லை என்பது உண்மைதானே. சோதனைக் குழாயைப் பிடித்த இதே கையால் முன்பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினேன். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று உள்பக்கமாகக் கட்டினேன்.

நாலாவது தடவை தாமதமாகப் போனபோது எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "காலை மாதிரிக்கு நம்பி விடக்கூடிய ஒரு ஆள் வேணும்மா. இன்னும் ஒரு மாசம் பார்க்கிறேன்" என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். வெறும் சம்பளத்துக்காக இல்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்த ஒருத்தி, வெள்ளை கோட்டு மாட்டிக்கொண்டு, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் கூடாது என்று கையெழுத்துப் போடுகிற இடம் அது. அதை ஒரு பழைய கார் பிடுங்கிக்கொள்ள விடுவதா என்று ஆத்திரம் வந்தது. அன்றைக்குத்தான் நோட்டு ஒன்றை எடுத்தேன்.

எங்கள் வேலையில் ஒரு அளவு தாறுமாறாக வந்தால் ஊகிக்கக் கூடாது. எழுத வேண்டும். நேரம், வெப்பம், குடுவை எது, மாதிரி எடுத்த கை எது என்று சகலத்தையும் எழுதி வைத்தால், ஒரு நாள் தாளே பதில் சொல்லும். அப்படி எழுதினேன். எங்கே நின்றது, வெயிலா மழையா, ஏசி போட்டிருந்ததா, டீசல் முள் எங்கே இருந்தது. போன மாதங்களில் நின்ற நாட்களையும் ஞாபகத்திலிருந்து இறக்கினேன்.

மூன்றாவது வாரம் ஒரு விஷயம் தெரிந்தது. டேங்க் நிரம்பியிருந்தால் பாலத்திலேயே நிற்கிறது. முள் கொஞ்சம் இறங்கினால் இன்னும் தூரம் போய் நிற்கிறது. பாதிக்குக் கீழே இறங்கினால் நிற்பதே இல்லை. டீசல் இல்லாமல் வண்டி நிற்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். டீசல் அதிகமாக இருந்தால் நிற்கும் வண்டியை யாராவது பார்த்திருக்கிறார்களா?

இரண்டாவது விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. கடலுக்குப் போகிறவன் வீட்டுக் காலண்டரில், போன நாளிலிருந்து வந்த நாள்வரை பேனாவால் வளைத்து வைப்போம். எங்கள் குடியிருப்பில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். சமையலறையில் அந்தக் காலண்டருக்குக் கீழே நோட்டை வைத்துவிட்டு டீ போட்டுக்கொண்டிருந்தேன். கண் மேலும் கீழுமாகப் போய்வந்தது. வண்டி நின்ற ஒவ்வொரு நாளும் வளையத்துக்குள் இருந்தது. ஒன்றுகூட வெளியே இல்லை. அவர் கரையில் இருந்த நாட்களில் நானும் பலமுறை ஓட்டியிருக்கிறேன், முழு டேங்கோடு. நின்றதில்லை.

டீ பொங்கி வழிந்தது. நோட்டை மூடிவிட்டேன். இரண்டு நாள் அதைத் திறக்கவே இல்லை.

அதன் பிறகு அவர் வந்து, நாலு நாள் இருந்து, மறுபடி கிளம்பினார். கிளம்புவதற்கு முந்தின மாலை கழுத்து வரைக்கும் நிரப்பினார். பின்சக்கரத்தருகே குந்தினார். இந்தத் தடவை நான் பால்கனியில் நிற்கவில்லை. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். என் வீட்டிலேயே நான் ஒளிந்து நிற்கிறேன் என்பது கேவலமாக இருந்தது. அவர் டயரைப் பார்க்கவில்லை. கையை முழங்கை வரை சக்கரத்துக்கு மேலே விட்டு எதையோ செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு நேராக பாயின் கடைக்கு ஓட்டினேன். அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், ஏறுங்க."

"இன்னாம்மா, வண்டி ஓடிக்கினுதானே கீது?"

"நிக்கும். பாலத்தாண்ட நிக்கும். வந்து பாருங்க."

பாதி தூக்கின ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு, அவர் சலித்துக்கொண்டே ஏறினார். டோல்கேட் தாண்டி, திருவொற்றியூர் தாண்டி, பாலத்தின் ஏற்றத்தில் இஞ்சின் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. ஓரமாக உருட்டி நிறுத்தினேன். டிரெய்லர்கள் ஊளையிட்டுக்கொண்டு தாண்டிப் போயின. பாய் இறங்கி போனட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"சொல்லி வெச்ச கணக்கா நிக்குதே. எப்டிமா தெரியும்?"

முள்ளைப் பற்றிச் சொன்னேன். நிரம்பியிருந்தால் சீக்கிரம், குறைந்தால் தாமதம். காலண்டரைப் பற்றிச் சொல்லவில்லை.

"ரொம்பி இருந்தா சீக்கிரமா?" என்று முனகினார். சட்டென்று இறங்கிப் பின்பக்கம் போய், டீசல் ஊற்றும் மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது. டேங்க் அத்தனை நேரம் அடக்கிவைத்த மூச்சை இழுத்தது. நான் காதால் கேட்டேன்.

"இப்ப போட்டுப் பாரு."

சாவியைத் திருகினேன். காத்திருக்காமல், உடனே பிடித்துக்கொண்டது.

பாய் பின்சக்கரத்தருகே தரையில் படுத்து, கையை மேலே விட்டுத் துழாவினார். "டீசல் கொறய கொறய அந்த எடத்துக்குக் காத்து போவணும்மா. அதுக்குன்னு ஒரு சின்னக் கொயா கீது. அது அடச்சிக்கினா டேங்கு டீசல வுடாது. இஞ்சின் இஸ்து இஸ்துப் பாத்துட்டு நின்னுடும். ரொம்புன டேங்குல காத்தே கம்மி, அதான் சீக்கிரம். கொஞ்ச நேரம் வுட்டா சந்துல காத்து எறங்கி மறுபடி ஓடும். எலி கிலி வெச்ச வேலையா..." என்றவர் பேச்சை நிறுத்தினார். கையை வெளியே எடுத்தார்.

விரல் நீளத்துக்கு ஒரு மரக்கட்டை. நுனி சீவியிருந்தது. அதன் மேல் துணி சுற்றி, துணியின் மேல் நீல நைலான் நூல் நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. வலை தைக்கிற நூல். அந்த முடிச்சு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொடிக்கயிற்றில் அதே முடிச்சு இருக்கிறது.

கல்யாணமான புதிதில், கடல் என்றால் எனக்குப் பயம் என்பதால் அவர் கதை கதையாகச் சொல்லி என்னைச் சிரிக்க வைப்பார். அதில் ஒன்று இந்தக் கட்டை. கரையில் ஐஸ் ஏற்றிப் படகைக் கழுவும்போது, தண்ணீர் இறங்காமலிருக்க டேங்கின் காற்றுக்குழாயில் கட்டை அடிப்பார்களாம். கிளம்பும்போது பிடுங்கிவிட வேண்டும். ஒரு தடவை இவரே பிடுங்க மறந்து, பத்தே நிமிடத்தில், துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் இஞ்சின் அணைந்து, படகு கல்லில் மோதப் போய்த் தப்பித்தது. "டிரைவரா கீறவன் சாவுற வரைக்கும் மறக்கக் கூடாதது அந்தக் கட்டதான்மே" என்பார்.

பாய் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "இது போட்டுக்காரன் வேல" என்றார். அவருடைய முகம் சிறுத்துப்போயிருந்தது. "எங்கையால எத்தினி சாமான கயட்ட வெச்சான்மா. கட்டய உருவிட்டு எங்கிட்ட கொண்டாந்து, பக்கத்துலயே கை கட்டினு நின்னான்." கட்டையைப் பழந்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு ஆறு நாள் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. எட்டு மணிக்கு முன்பே போய் நின்றேன். இனி நிற்காது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது. என்னைக் கொல்லப் பார்த்தாரா? இந்தக் கேள்வியை நான் மணலி சிக்னலில் வைத்துக் கேட்டேன், குடுவை கழுவும்போது கேட்டேன், அவருடைய துணியை மடிக்கும்போது கேட்டேன். எங்களுக்குள் நடந்த சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். உப்பு குறைந்த சண்டை, அவருடைய அம்மா சொன்னதற்கு வந்த சண்டை. ஒரு உயிருக்கு ஆகிற சண்டை ஒன்றும் அகப்படவில்லை. போனில் கேட்கலாமென்றால் நடுக்கடலில் டவர் இல்லை.

படகு வருகிறது என்று தகவல் வந்ததும் காரை பங்குக்குக் கொண்டுபோய்க் கழுத்து வரைக்கும் நிரப்பினேன். பின்சக்கரத்தருகே குந்தி, கட்டையை எடுத்த இடத்திலேயே செருகினேன்.

காசிமேட்டில் ஏலக் கூச்சல் அடங்கி, மீன் வாங்கின பெண்கள் ஆட்டோக்களில் ஏறிக்கொண்டிருந்த நேரம். குழம்பு மீன் பையோடு வந்தார், ஒரு வாரத் தாடி, கண் சிவந்து. என்னைப் பார்த்ததும் சிரித்தார். பழக்கத்தில் டிரைவர் சீட்டுப் பக்கம் வந்தார்.

"அந்தாண்ட குந்துய்யா. நான் ஓட்றேன்."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் நான் வடக்கே திருப்பினேன்.

"எங்கமே போற?"

"மீஞ்சூரு. டேங்கு கழுத்து வரைக்கும் கீது. கட்டையும் அதும் எடத்துலயே கீது."

வலது பக்கம் கடல், இடது பக்கம் டிரெய்லர் வரிசை. கதவுக்கு மேலிருந்த பிடியை அவர் கை பற்றியதைப் பார்த்தேன். இருபது வருடம் கடலில் கிடந்தவர், புயலில் திரும்பியவர். ஒரு டிரெய்லர் எங்களை ஒட்டித் தாண்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஓரங்கட்டு."

ஓரங்கட்டவில்லை. திருவொற்றியூர் வந்தது.

"ஓரங்கட்டுமே. கால்ல வேணா வுயுறேன்." குரல் உடைந்திருந்தது. "தெரு மொனைய தாண்டாதுன்னு நெனச்சேன்மே. போட்டுல பத்து நிமிசம், ஆர்பர் வாயி தாண்டாது. காரும் வூட்டாண்டயே நின்னுடும், ரெண்டு தபா நின்னா பேஜாராயி நீயே வித்துடுவேன்னு நெனச்சேன். போட்டு குடிக்கிற டீசல் வேற, காரு குடிக்கிற டீசல் வேறன்னு எனக்குத் தோணவே இல்ல. நடுக்கடல்ல ஒரு போனு கெடையாது. தம்பிக்கு ஆனதே எனக்கு மூணு நாளு கயிச்சிதான் தெரியும். கரைக்கு வந்து எறங்குறேன், எல்லாரும் என்னயே பாக்குறானுங்க. இன்னொரு தபா அப்டி வந்து எறங்க என்னால ஆவாது."

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொல்லும்போது அவர் குரல் எனக்குத் தெரியும். படகு இஞ்சின் குடிக்கிற வேகத்தில் பத்து நிமிடத்தில் ஆவது, சொட்டுச் சொட்டாகக் குடிக்கிற இந்தக் காருக்கு எட்டு கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. அவர் கணக்கு போட்டது எங்கள் தெரு முனைக்கு. போய் நின்றது பாலத்தில். ஆறு நாளாக என் நெஞ்சில் கிடந்த கல் ஒன்று இறங்கியது. அதே நேரத்தில் இன்னொன்று ஏறி உட்கார்ந்தது.

"மொத தபா வந்தப்பவே சொன்னேனேய்யா. பாலத்து மேல நின்னுச்சு, பின்னாடி டிரெய்லருன்னு. பாதி சோத்துல எழுந்து போன. அது தெரிஞ்சப்பறம் ஏன் மறுபடி வெச்ச?"

பாலம் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏன்யா வெச்ச?"

"அப்பவும் நீ ஓட்றத வுடலயேமே" என்றார்.

இஞ்சின் மூச்சு வாங்கியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. எங்கே நிற்கும் என்று எனக்குத்தான் தெரியுமே, பாலம் ஏறுவதற்கு முன்பே ஓரத்துக்கு வந்திருந்தேன். சத்தம் அடங்கியது. வண்டி முழுசாக நிற்பதற்குள் அவர் கதவைத் திறந்து குதித்து, பின்சக்கரத்தருகே மண்டியிட்டார். கட்டையைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை. மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி மிதியடி நனைந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்தேன்.

அவர் மேல் எனக்கு ஆசை போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார், நான் காலண்டரில் வளைக்கிறேன். வண்டியை விற்கவில்லை. எட்டு மணி மாதிரியை எடுப்பது இன்னும் என் கையில்தான் இருக்கிறது. பாய் என்னோடு பேசுகிறார், ஆனால் என் கணவர் கூட இருந்தால் பேசமாட்டார். டீசலை நானே போய் நிரப்பிக்கொள்கிறேன், பாதிக்கு மேல் நிரப்புவதில்லை.

தினம் காலையில் கிளம்புவதற்கு முன், பின்சக்கரத்தருகே குந்தி, கையை மேலே விட்டு, அந்தக் குழாயின் வாயை விரலால் தடவிப் பார்க்கிறேன். அங்கே எதுவும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இதுவரை ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் கரையில் இருக்கும் நாட்களில் பால்கனியில் நின்று அதைப் பார்ப்பார். போன வாரம் கீழே இறங்கி வந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு எழும்வரை பக்கத்தில் நின்றார்.

"இன்னுமாமே?" என்று கேட்டார்.

"இன்னுந்தான்யா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.